எறும்பு ஊறுதா, கனி?

இந்தப் பக்கம் உட்காராதே தங்கச்சி, பெஞ்சுக்கு இந்தக் கால் ஆடும். காலையிலிருந்து மூன்று பேரைக் கவிழ்க்கப் பார்த்தது. இங்கே வா, என் பையை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொள். முதுகில் தையல் போட்ட பிள்ளைகளுக்கு அதுதான் சுகம். எத்தனை மாதம்? எட்டா. என் கனியும் எட்டு மாதத்தில் இப்படித்தான் இருந்தாள். கை மட்டும் ஓயாமல் ஆடும். கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி சும்மா கிடக்கும்.

ஆமாம், என் பெண் உள்ளேதான் இருக்கிறாள். அந்தக் கதவுதான், ‘பிசியோதெரபி’ என்று எழுதியிருக்கிறதே, அது. நான் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறாய். கேட்கத்தான் செய்வாய். பிறந்த மூன்றாம் நாள் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்களே, அதை விட்டால் இந்தப் பதினொரு வருஷத்தில் ஆஸ்பத்திரியில் அவள் கதவுக்கு உள்ளேயும் நான் கதவுக்கு வெளியேயும் இருப்பது இன்றைக்குத்தான். அவளே சொல்லிவிட்டாள். "அம்மா வெளிய இருக்கட்டும்" என்று. என்னிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

கரண்ட் வைத்தால் சரியாகுமா என்று கேட்டாய் இல்லையா? அதற்குத்தான் வருகிறேன். உன் டோக்கன் என்ன, நாற்பத்தி இரண்டா? இப்போதுதான் இருபதோ என்னவோ போகிறது. கேள்.

கனிஷ்கா என்று பெயர். ஆறாவது படிக்கிறாள். நாங்கள் சத்திரப்பட்டி, ராஜபாளையத்துக்குப் பக்கம். உன் பிள்ளைக்குக் கட்டுப்போட்ட பேண்டேஜ் துணி எங்கள் ஊரில் நெய்ததாகக்கூட இருக்கும். நானும் தறியில்தான் இருந்தேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து துணி வெட்டி மடித்துக் கொடுக்கிறேன். தறியை விட்டது கனிக்காக.

உனக்கு டாக்டர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், மனசைத் திடமாக வைத்துக்கொள். எல்லாரும் காலைப் பற்றித்தான் கேட்பார்கள், நடப்பாளா நடப்பாளா என்று. கால் பெரிய விஷயமில்லை. நடக்க முடியாத பிள்ளையைப் பார்த்தால் ஊர் உச்சுக்கொட்டும். ஈரமாக இருக்கிற பிள்ளையைப் பார்த்தால் தள்ளி உட்காரும். ஒன்றுக்கும் ரெண்டுக்கும் சொல்கிற நரம்பு எல்லாம் பிறக்கும்போதே முதுகில் அந்தக் கட்டி இருந்த இடத்துக்குக் கீழேதான் போகிறதாம். மூத்திரப்பை நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாது. வழியும், ஆனால் முழுசாக வடியாது. தேங்கினால் மேலே ஏறிக் கிட்னியைக் கெடுத்துவிடும். அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மெல்லிசாக ஒரு டியூப் போட்டு எடுத்துவிட வேண்டும். பயப்படாதே. வலிக்காது. பழகிவிட்டால் தலை பின்னிவிடுகிற மாதிரிதான்.

பள்ளிக்கூடத்தில் யார் போட்டுவிடுவார்கள்? நான்தான். தினம் பன்னிரண்டரைக்குப் போவேன். சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாத்ரூம், அங்கே வைத்துப் போட்டுவிட்டு, துணியை மாற்றிவிட்டு வருவேன். மழையா வெயிலா பார்த்ததில்லை. என்னைக் கேட்டில் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாம் தட்டை எடுக்க ஆரம்பித்துவிடும். "கனி அம்மா வந்தாச்சு, இன்னும் ஏன் டீச்சர் பெல் அடிக்கல" என்று ஒரு வாண்டு கேட்டதாம். ஹெட்மிஸ்ட்ரஸே ஒருநாள், "நீங்க லீவு போட்டா எனக்கு மணி தெரியாதும்மா" என்றார். எனக்கு அதில் ஒரு பெருமை, பொய் ஏன் சொல்ல வேண்டும். கனிக்குத்தான் பிடிக்கவில்லை. "லேட்டா வாம்மா, எல்லாரும் போனப்பறம் வா" என்பாள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் இங்கே ஆரோக்கியம் சிஸ்டர் ஒரு துணிப்பொம்மையைக் கொண்டுவந்தார். பொம்மைக்கு எல்லாம் வைத்துத் தைத்திருந்தது. ஒரு கண்ணாடி, ஒரு டியூப். "கனிக்குப் பத்து வயசாச்சுல்ல, அவளே போட்டுக்கக் கத்துக்கட்டும்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம். "எம்பிள்ளைக்கு நான் இருக்கேன் சிஸ்டர். நான் போனப்பறம் பொம்மையைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சிஸ்டர் பாட்டுக்குப் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தார். கையைக் கழுவணும், கண்ணாடியை இப்படிச் சாய்க்கணும், மூச்சை விடணும் என்று. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் இந்த ஜூனில்தான் கரண்ட் மெஷின் வந்தது. நீ வேறு என்னவோ நினைத்துக்கொள்ளாதே, ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. பழைய போன் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே சின்ன பேட்டரி. இரண்டு வயர், வயர் நுனியில் இரண்டு ஒட்டு. அதை முதுகுக்குக் கீழே, இடுப்பு முடிகிற இடத்தில், தழும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஒட்டி, இருபது நிமிஷம் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிறாரே பெனிட்டா மேடம், சின்னப் பெண்தான், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"இது ஒன்னும் மந்திரம் இல்லக்கா. சில பிள்ளைகளுக்கு ஈரம் கொறையுது, ரெண்டுக்குப் போறது ஈசியாகுது. சில பிள்ளைகளுக்கு ஒன்னும் ஆகறதில்ல. மூணு மாசம் வச்சுப் பாப்போம். நம்பரை மாத்தக் கூடாது. எடுத்ததும் தோலைப் பாக்கணும். டியூப் போடுறதை எதுக்காகவும் நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்குப் போட்டீங்க, எவ்வளவு வந்துச்சு, எப்ப ஈரமா இருந்தா, எல்லாம் இந்த நோட்டுல எழுதணும். இதை வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரு."

"கரண்ட் போறது பிள்ளைக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"உணர்ச்சி இருக்கிற பிள்ளைங்க எறும்பு ஊறுற மாதிரி இருக்குன்னு சொல்லும். கனிக்கு அந்த இடத்துல கம்மி. தெரியலன்னாலும் பரவால்லக்கா."

எத்தனை விஷயம் சொன்னார் பார். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பஸ் ஏறி திருமங்கலம் தாண்டுவதற்குள் எனக்கு மிச்சமிருந்தது எறும்பு மட்டும்தான். எறும்பு ஊறினால் நரம்புக்கு உயிர் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

தினம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மெஷின் வைப்போம். அவள் குப்புறப் படுத்துப் படிப்பாள், நான் பக்கத்தில் துணி மடிப்பேன். "எறும்பு ஊறுதா, கனி?" என்று கேட்பேன். நச்சரிக்கிற ஆள் இல்லை நான். ஒருதரம்தான் கேட்பேன். ஒட்டியதும் ஒருதரம். பாதியில் ஒருதரம். எடுக்கும்போது ஒருதரம். இல்லம்மா, இல்லம்மா, இல்லம்மா. பன்னிரண்டு நாள். எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை தங்கச்சி. விரதம் கிரதம் எல்லாம் இல்லை. தட்டில் போட்டு உட்காருவேன், அவள் இல்லம்மா என்றது திரும்பக் காதில் கேட்கும். மூடி வைத்துவிடுவேன். ஆனால் ஒன்று, பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகத்தில்கூடக் காட்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் நம்பரை இரண்டு ஏற்றி வைத்துப் பார்த்தேன். மாற்றக் கூடாது என்றுதான் சொன்னார்கள், ஆனால் இரண்டுதானே. எடுத்தபோது ஒட்டு இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது. எரியுதா என்றேன். இல்லை என்றாள். எரிந்தால்தான் அவளுக்குத் தெரியாதே. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, பயந்துபோய் மறுநாள் பழைய நம்பருக்கே வைத்தேன்.

அந்த மறுநாள்தான் சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை.

"ஊறுதும்மா."

"எங்கடி?"

"அங்கதான்."

"நெசமாவா? எத்தனை எறும்பு?"

"நெறைய."

"கட்டெறும்பா, சித்தெறும்பா?"

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். "சித்தெறும்பு. கடிக்கல. வரிசையாப் போகுது."

வரிசையாகப் போகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நீ நம்பமாட்டாயா? நான் அழுதேன். கேசரி கிண்டினேன். அவள் அப்பா மினிலாரியில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தார், போனில் சொன்னேன். "இனிமே வீட்ல சீனியைத் திறந்து வைக்காத" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. அன்றைக்கு ராத்திரிதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். கனி என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ரெண்டு தோசை போட்டுக்கம்மா என்று அவள்தான் சொன்னாள்.

அதிலிருந்து தினம் எறும்புதான்.

இப்போது நான் ஒன்று சொல்லப்போகிறேன். நீ என்னைத் தப்பாக நினைக்கலாம். டாக்டர் நினைத்தார். ஆனால் முதலில் இதைக் கேள். கனி நடக்கமாட்டாள் என்றுதான் ஒரு டாக்டர் எங்களிடம் சொன்னார். நாலு வயசில் காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டி, மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து நடத்துவேன். ஒருநாள் எங்கள் தெருவில் சைக்கிளில் தறிக்குப் போகிற பாவு நூல்கட்டை வைத்துக்கொண்டு ஒருத்தன் வந்தான், அவனுக்கு ஒதுங்குவதற்காகக் கையை விட்டுவிட்டேன். நின்றாள். நின்றாள் என்ன, ஆறு எட்டு வைத்து எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டாள். இன்றைக்கு அந்தச் சட்டத்தோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறாள். நாம் பிடித்திருக்கிற வரைக்கும் பிள்ளை நம் கையில்தான் நிற்கும். விட்டால்தான் காலில் நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, என் கையே கற்றுக்கொண்டது.

நரம்பு முழித்துக்கொண்டது, எறும்பு ஊறுகிறது. அப்புறமும் நேரத்துக்கு நேரம் டியூப் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போது வேலை கற்றுக்கொள்ளும்? மத்தியானம் ஒரு வேளை விட்டுப் பார்ப்போம் என்று முடிவு பண்ணினேன். ஜூலை முதல் வாரம்.

"நாளையில இருந்து மத்தியானம் அம்மா வரமாட்டேன். தானா வரட்டும்."

"டியூப் வேண்டாமாம்மா?"

"வேண்டாம்."

"மேடம் சொன்னாங்களா?"

"மேடம் என்ன உன்னப் பெத்தாங்களா? நான் சொல்றேன்."

அடுத்தநாள் பையில் ஒரு பழைய சோப்பு டப்பாவை எடுத்து வைத்தாள். எதுக்குடி என்றேன். ரப்பர் வைக்கம்மா என்றாள்.

அந்த முதல்நாள் மத்தியானம் எனக்குத் துணி மடிக்க ஓடவில்லை. பன்னிரண்டே காலுக்குத் தானாகச் செருப்பைப் போட்டுவிட்டேன். பாதி தூரம் போய், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறது, அங்கே நின்றேன். விட்ட கையைத் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். சாயங்காலம் வந்தவளைத் தொட்டுப் பார்த்தால், காய்ந்த துணி. பாவாடை காய்ந்திருக்கிறது, டயப்பர் காய்ந்திருக்கிறது. பாத்ரூம் போனியா? போனேம்மா. தானா வந்துச்சா? வந்துச்சும்மா. ஐந்து மணிக்கு டியூப் போட்டால் நூற்றைம்பது எம்.எல்தான் வருகிறது. காலையிலிருந்து தேங்கியிருந்தால் ஜாடி நிறைந்திருக்க வேண்டாமா? நோட்டில் மத்தியானக் கட்டத்தில் ‘தானாக’ என்று எழுதினேன். அந்தப் பேனா எழுத்தை நீ பார்க்க வேண்டும், கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருந்தேன்.

ஜூலை முழுக்கத் தானாக. ஆகஸ்ட் முழுக்கத் தானாக. ஒரு நாலு நாள் கொஞ்சம் ஈரம். அதுவும் ஒருநாள் அவர்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை, பாத்ரூமைப் பூட்டிவிட்டார்கள்.

இடையில் வீட்டில் ஒரு காக்காய்த் தொந்தரவு. டியூப்பைக் கொதிக்கவைத்து, மெல்லிசுத் துணி மூடி ஜன்னலில் காயவைப்பேன். எட்டு டியூப்பில் ஒன்று காணவில்லை. அப்புறம் பவுடர் டப்பாவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும், அதையும் காணோம். காக்காய்க்குப் பளபளப்பென்றால் பிடிக்கும் என்று சொல்வார்களே. நான் ஜன்னலுக்கு வலை அடித்தேன். கனியும் வந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

பேட்டரி கதையைக் கேள். போன மாதம் ஒருநாள் ஒட்டு வைத்து, திருகி, துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன். "எறும்பு ஊறுதா, கனி?" "ம், ஊறுதும்மா" என்றாள், கணக்குப் போட்டுக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், மெஷினில் சிவப்பு விளக்கே எரியவில்லை. பேட்டரி செத்துக் கிடக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கரண்டே இல்லாமல் ஊறுகிறது என்றால் என்ன அர்த்தம்? நரம்பு தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றுதானே? அவள் அப்பாவிடம் சொன்னேன். "மெஷின் இல்லாமலே ஊறுதுன்னா மெஷின் எதுக்கு?" என்றார். ஒரு மனுஷனிடம் சந்தோஷத்தைச் சொல்ல முடிகிறதா பார்.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உனக்கு இப்போது புரிகிறது. எனக்கு இன்றைக்குக் காலை பத்தரை மணிக்குத்தான் புரிந்தது.

மூன்று மாதம் முடிந்து இன்றைக்குத்தான் டாக்டர் பார்க்கிற நாள். விடிகாலை பஸ்ஸில் வந்தோம். வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நோட்டைப் புரட்டினார். நல்ல மனுஷன், அதட்டிப் பேசமாட்டார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"மத்தியானம் டியூப் போடலையாம்மா?"

"இல்ல சார். ரெண்டு மாசமா அவளுக்கே தானா வருது."

"காலையில எட்டு மணிக்கு அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானா?"

"ஆமா சார்."

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "கிட்னி நல்லாத்தான் இருக்கு. ஆனா இவளுக்கு ஒம்பது மணி நேரம் விட்டா இப்படி இருக்க வாய்ப்பில்ல. வீங்கி இருக்கணும். இந்நேரம் காய்ச்சல்ல படுத்திருக்கணும்."

"அதான் சார் மெஷின்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் தங்கச்சி. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான்.

கனி கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நான் போட்டுக்கிட்டேன் சார்."

பையைத் திறந்து அந்தச் சோப்பு டப்பாவை எடுத்தாள். அதற்குள் காக்காய் கொண்டுபோன என் டியூப், ஒரு சுத்தத் துணியில் சுற்றி. என் பவுடர் டப்பாக் கண்ணாடி. விரல் அளவு ஒரு சோப்பு.

"தினமுமா?"

"தினமும் சார். பன்னிரண்டரைக்கு. கூடப் படிக்கிற முத்துச்செல்வி கதவுகிட்ட நிப்பா. லீவு நாள்ல வீட்டு பாத்ரூம்ல கதவைச் சாத்திக்குவேன். பள்ளிக்கூடத்துல பாத்ரூம் பூட்டியிருந்த அன்னைக்கு மட்டும் போடல."

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"பொம்மைகிட்ட சார். போன வருஷம் சிஸ்டர் காமிச்சாங்க. அம்மா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் பாத்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆரோக்கியம் சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்த ரூமில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் இரண்டு மாதமாகக் கோவிலில் கற்பூரம் ஏற்றியது ஒரு சோப்பு டப்பாவுக்கு.

"அம்மாட்ட ஏம்மா சொல்லல?" என்றார்.

"அம்மா சந்தோஷமா இருந்தாங்க சார்."

"அப்ப எறும்பு ஊறுதுன்னு நோட்டுல இருக்கே?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "ஒன்னும் தெரியாது சார். ஊறுதுன்னு சொன்னாத்தான் அம்மா ராத்திரி சாப்பிடுவாங்க."

நீயே சொல், நான் என்றைக்காவது அப்படிச் சொன்னேனா? ஊறினால்தான் சாப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? தட்டை மூடி வைத்தேன். அதுவும் அவள் படுத்தபிறகுதான். படுத்தாள் என்றுதான் நினைத்தேன். பதினொரு வயசுப் பிள்ளை படுத்துக்கொண்டு தாயார் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது?

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பிள்ளை கிட்னியைப் பிள்ளையே காப்பாத்திருக்கும்மா" என்றார். பெனிட்டா மேடத்தைக் கூப்பிட்டு முதுகைப் பார்க்கச் சொன்னார். அந்தச் சிவப்புக் கட்டம் இன்னும் லேசாகத் தெரிகிறது. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டாக்டர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "இதை வச்சு மெஷின் வேலை செஞ்சுச்சா இல்லையான்னே சொல்ல முடியாதும்மா. ரெண்டுக்குப் போறது கொஞ்சம் சுளுவா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது மெஷினாலயா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல எனக்கு வழியில்ல. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். டியூப்பை அவளே போடட்டும், நோட்டையும் அவளே எழுதட்டும். மூணு மாசத்துல பலன் தெரியலன்னா மெஷினை வாங்கிக்கிட்டு வேற வழி பாப்போம்."

வேறு வழி என்றால் என்ன தெரியுமா? மருந்து கூட்டிப் பார்ப்பார்கள். அதுவும் கேட்காவிட்டால் வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன். முன்னாலேயே ஒருதரம் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். எல்லாம் இந்த மூன்று மாதத்தில் இருந்தது. அதைத்தான் நான் தானாக, தானாக என்று எழுதிப் பாழாக்கியிருக்கிறேன்.

அதனால்தான் இப்போது உள்ளே முதலிலிருந்து பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுக்க வேண்டும். மேடம் பஞ்சாலும் குண்டூசி முனையாலும் முதுகில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வருவார். தெரிந்தால் இருக்கு, தெரியாவிட்டால் இல்லை. நான் வழக்கம்போல அவள் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தேன். அப்போதுதான் சொன்னாள். "அம்மா வெளிய இருக்கட்டும் சார். அப்பத்தான் நான் சரியாச் சொல்வேன்."

பதினொரு வருஷம். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். அவள் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை அவள், இந்த ஒன்றைத் தவிர.

இரு. பேசாதே. பிள்ளையை லேசாகத் தட்டு, சிணுங்குகிறது. கேட்கிறதா?

மேடம் குரல். இங்க?

இல்ல, என்கிறாள்.

இங்க? இல்ல. இங்க? இல்ல.

பார், எவ்வளவு பட்டென்று சொல்கிறாள். ஜூன் மாதத்தோடு இந்தச் சொல் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. எத்தனை இல்லை. ஆறா, ஏழா? ஒவ்வொன்றும் எனக்கு இங்கே வந்து குத்துகிறது. ஆனால் சொல்லட்டும். சொல்லட்டும்.

இங்க?

கேட்டாயா தங்கச்சி? இருக்கு என்றாள். நீயும் கேட்டாய்தானே? இருக்கு என்றுதானே சொன்னாள்?

நேற்றாக இருந்தால் நான் இந்நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. அந்த ‘இருக்கு’ அவள் முதுகு சொன்னதா, வெளியே நான் இருக்கிறேன் என்று அவள் சொன்னதா? எனக்குத் தெரியவில்லை. கதவுக்குக் கீழே பார், எவ்வளவு சந்து விட்டிருக்கிறார்கள். கட்டிலில் குப்புறப் படுத்தால் இது நேராகத் தெரியும். கண்ணை மூடச் சொன்னால் முழுசாக மூடுகிற பிள்ளையா அவள்? என் செருப்பு அவளுக்குத் தெரியும். நீலவார்ச் செருப்பு, அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நான் கீழே போகிறேன். கேண்டீன் பக்கம், வேப்பமரத்தடியில் நிற்கிறேன். இந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள். மேடம் வெளியே தலையை நீட்டினால் சொல், கனி அம்மா சாப்பிடப் போயிருக்கிறார் என்று. மெதுவாகச் சொல்லாதே. கொஞ்சம் சத்தமாக, உள்ளே கேட்கிற மாதிரி சொல். பசிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார், ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார் என்று சொல்.

எனக்கா? எனக்குப் பசி இல்லை. அதை மட்டும் சொல்லிவிடாதே.